'பேசிக்கலி'யா, 'பேசிக்லி'யா? – பிள்ளைகளுக்கு எதைத் திருத்துவது, எதை விடுவது

(நூற்றாண்டு ஆண்டுப் பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவிலே பேசுவதற்கு இதுவும் ஒரு பொருளா என்று சிலர் யோசிக்கலாம். கட்டடம், நூலகம், புலமைப்பரிசில் நிதி என்று பெரிய விடயங்களை மற்றவர்கள் பேசிவிட்டார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டிருப்பது ஆங்கிலத்தில் 'லி' என்று முடியும் நீளமான வினையடைச் சொற்களை. 'ஓட்டோமட்டிக்கலி', 'என்தூசியாஸ்டிக்கலி', 'நெசசரிலி' போன்றவை. இவற்றை எப்படித் துண்டு பிரிப்பது, எந்தத் துண்டில் குரலை அழுத்துவது என்பதே இன்றைய பேச்சு. சங்கத்தின் ஆங்கிலப் பேச்சு வகுப்பைச் சனிக்கிழமைதோறும் இணையவழியாக நடத்திவரும் நாங்கள், இந்தச் சொற்களை முன்னால் வைத்துத்தான் ஒரு முடிவுக்கு வரவேண்டியிருந்தது. பிள்ளைகளின் உச்சரிப்பில் எதைத் திருத்துவது, எதைத் தொடாமல் விடுவது என்ற முடிவு அது.

முதலில் ஒரு சொல் விளக்கம். 'அசை' என்று நாங்கள் சொல்லும்போது யாப்பிலக்கண வகுப்பு நினைவுக்கு வரும். அங்கே 'மலர்' என்பது ஒரே அசை, நிரையசை. நாள், மலர், காசு, பிறப்பு என்று பாடமாக்கியதை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். ஆங்கிலக்காரர் கணக்கில் அதே 'மலர்' இரண்டு அசை, ம என்று ஒன்றும் லர் என்று ஒன்றுமாக. ஓர் உயிரொலிக்கு ஓர் அசை என்று மட்டும் இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். அடுத்தது அழுத்தம். ஒரு சொல்லின் ஓர் அசையை மட்டும் கொஞ்சம் உயர்த்தி, கொஞ்சம் நீட்டி, கொஞ்சம் பலமாகச் சொல்வதுதான் அது.

தமிழில் அழுத்தம் பொருளை மாற்றாது. நீளம் மாற்றும், கல் வேறு, கால் வேறு. இரட்டிப்பு மாற்றும்; படம் வேறு, பட்டம் வேறு. ஆகவே எங்கள் காது நீளத்துக்கும் இரட்டிப்புக்கும் கூர்மையாக இருக்கிறது. எந்த அசை பலமாக ஒலித்தது என்பதைக் கவனிக்க அதற்கு இதுவரை தேவை வந்ததில்லை. ஆங்கிலக் காது அப்படியல்ல. நீளமான ஒரு சொல்லை அது அடையாளம் காண்பதற்கு அழுத்தம் விழும் இடம் மிகவும் உதவுகிறது. அழுத்தம் இடம் மாறினால், மெய்யொலிகள் எல்லாம் சரியாக இருந்தாலும், கேட்பவர் ஒரு கணம் தடுமாறுவார்.

எங்கள் பழைய மாணவி ஒருவர் இங்கிலாந்தில் தாதியாக வேலை செய்கிறார். நோயாளி ஒருவருக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது என்பதைத் தொலைபேசியில் மருத்துவருக்குச் சொல்லவேண்டியிருந்தது. 'பீரியொடிக்கலி' என்ற சொல்லை முதல் அசையில் அழுத்தி, மற்ற ஆறு அசைகளையும்... இல்லை, எழுத்தின்படி அதில் மொத்தமே ஆறு அசைதான், அவர் சொன்ன வேகத்தில் ஏழாகத் தோன்றியிருக்கும்! அந்த ஆறையும் ஒன்றும் விடாமல், எங்கள் வகுப்பறையில் வாசித்தது போலவே தெளிவாகச் சொன்னார். மறுமுனையில் இருந்தவர் மூன்று தரம் திருப்பிக் கேட்டார். கடைசியில் 'சம்டைம்ஸ்' என்று சொல்லி முடித்தார். அதற்குப் பிறகு விடுதிக் கூட்டங்களில் வாய் திறப்பதைக் குறைத்துக்கொண்டதாக எங்களுக்கு எழுதினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. சாதாரண தரத்திலே அதிவிசேட சித்தி பெற்றவர். ஒரு சொல்லில் அழுத்தம் எங்கே விழும் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஏன் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. இங்கிருக்கும் மூத்த அக்காமார் எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்திலேயே படித்தவர்கள். ஆங்கிலத்தை நாள் முழுக்கக் காதால் கேட்டவர்களுக்கு விதி தேவைப்படவில்லை. பாடங்கள் தமிழுக்கு மாறிய பின் வந்த எங்களுக்கு ஆங்கிலம் ஒரு பாடமாக, பெரும்பாலும் எழுத்துப் பரீட்சைக்குரிய பாடமாக வந்தது. சொல்வதெழுதலில் பிழை விடாமல் இருப்பதற்காகச் சொற்களைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பாடமாக்கினோம். பே–சி–கல்–லி. ஓ–டோ–மட்–டி–கல்–லி. அந்த முறையைக் குறைசொல்ல நாங்கள் வரவில்லை. எழுதுவதற்கு அதைவிட நல்ல முறை கிடையாது. ஆங்கிலம் தாய்மொழியான பிள்ளைகள்கூட 'பேசிக்கலி'யை எழுதும்போது நடுவிலுள்ள 'அல்' என்ற இரண்டு எழுத்தையும் விட்டுவிடுவது வழக்கம், ஏனென்றால் அவர்கள் காதில் அது விழுவதில்லை. எங்கள் பிள்ளைகள் அந்தப் பிழையை அபூர்வமாகவே விடுவார்கள்.

ஆனால் அந்தப் பிரிப்பு எழுத்துக்குரியது. அமெரிக்க அகராதிகளில் சொற்களுக்கு நடுவே சிறு புள்ளிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதைக் காட்டுபவை. வாயால் எப்படிச் சொல்வது என்பதற்கு அதே அகராதியில் பக்கத்திலேயே வேறு குறிப்பு இருக்கும். நோவா வெப்ஸ்டர் 1783இல் வெளியிட்ட எழுத்துக்கூட்டல் புத்தகம் சொற்களை அசையசையாகப் பிரித்தே அமெரிக்கப் பிள்ளைகளுக்கு வாசிப்பைக் கற்பித்தது. எழுத்தையும் ஒலியையும் ஒரே பிரிப்பில் கட்டிவைக்கும் பழக்கம் அப்படி ஆழமாக வேரூன்றியது.

இனி விடயத்துக்கு வருவோம். 'இக்கலி' என்று எழுதப்படும் ஈறு, பேச்சில் பெரும்பாலும் 'இக்லி' என்று இரண்டே அசையாகச் சுருங்கிவிடும். ஆகவே 'பேசிக்கலி' எழுத்தில் நான்கு அசை, பேச்சில் மூன்று: பே–சிக்–லி. 'ஓட்டோமட்டிக்கலி' எழுத்தில் ஆறு, பேச்சில் ஐந்து: ஓ–டோ–மட்–டிக்–லி. தேர்ச்சி அறிக்கையில் ரீச்சர்மார் விரும்பி எழுதும் 'என்தூசியாஸ்டிக்கலி' எழுத்தில் ஏழு, பேச்சில் ஆறு: என்–தூ–சி–யாஸ்–டிக்–லி. மிகவும் நிதானமாக, ஒவ்வோர் அசையாகச் சொல்லும்போது அந்த மறைந்த அசை சிலர் வாயில் மீண்டும் தலைகாட்டும். சாதாரணப் பேச்சில் அதைத் தேடவேண்டாம்.

எழுத்தில் இருப்பது பேச்சில் எப்படிக் காணாமற் போகும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு இதை விளக்குவது சுலபம். குற்றியலுகரம் படித்தவள்தானே! 'எழுத்து' என்ற சொல்லின் கடைசி உகரம் அரை மாத்திரைக்குக் குறுகி ஒலிக்கிறது. 'ஆணி' பக்கத்தில் வந்தால் அந்த உகரம் இருந்த இடமே தெரியாமல் 'எழுத்தாணி' ஆகிவிடுகிறது. தொல்காப்பியர் இதைச் சார்பெழுத்து மூன்றில் ஒன்றாக வைத்தார். எழுத்தில் முழு உருவம், ஒலியில் பாதி, சில இடங்களில் ஒன்றுமேயில்லை. ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத உயிரொலிகளுக்கு நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஒரு வித்தியாசம், தமிழில் குறுகுவது குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும். ஆங்கிலத்தில் அழுத்தம் இல்லாத எந்த அசைக்கும் அந்தக் கதி நேரலாம். குற்றியலுகரத்தைச் சொன்னவுடன் தரம் 10 பிள்ளைகளின் முகத்தில் வரும் வெளிச்சத்தை நாங்கள் திரையில் பார்த்திருக்கிறோம். ஆங்கில இலக்கண நூல்கள் எதுவும் இவ்வளவு விரைவாக அந்த வேலையைச் செய்யவில்லை.

அழுத்தம் எங்கே? இதற்கு ஒரே விதிதான். பேச்சு அசைகளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். லி ஒன்று, இக் இரண்டு, அதற்கு முன்னால் வரும் மூன்றாவது அசையில் அழுத்தம். பே–சிக்–லியில் 'பே'. ஓ–டோ–மட்–டிக்–லியில் 'மட்'. பீ–ரி–ஒ–டிக்–லியில் 'ஒ'. அந்தத் தாதித் தங்கைக்குத் தேவைப்பட்டது இந்த ஒரு தகவல். அ–க–டெ–மிக்–லியில் 'டெ', சை–யன்–டி–ஃபிக்–லியில் 'டி', ஈ–க–நொ–மிக்–லியில் 'நொ'. சொல் எவ்வளவு நீண்டாலும் விதி மாறாது. 'அன்கரக்டரிஸ்டிக்கலி' என்று ஒரு சொல் இருக்கிறது, எழுத்தில் எட்டு அசை. பின்னாலிருந்து எண்ணினால் 'ரிஸ்' என்ற இடத்தில் வந்து நிற்பீர்கள். அங்கேதான் அழுத்தம்.

இதற்குக் காரணம் 'இக்' என்ற விகுதி. அது எந்தச் சொல்லோடு ஒட்டினாலும் அழுத்தத்தைத் தனக்கு முந்திய அசைக்கு இழுத்துவரும். 'ஃபோட்டோகிராஃப்' முதல் அசையில் அழுத்தம் உடையது. படம் பிடிக்கும் கலையைச் சொல்லும் 'ஃபொடொகிரஃபி'யில் அது இரண்டாவது அசைக்குப் போகிறது. 'இக்' சேர்ந்து 'ஃபோட்டோகிராஃபிக்' ஆனதும் மூன்றாவது அசைக்கு ஓடிவருகிறது. 'எக்கொனமி' இரண்டாவதில், 'ஈக்கநொமிக்' மூன்றாவதில். 'எனர்ஜி' முதலாவதில், 'எனர்ஜெட்டிக்' மூன்றாவதில். பின்னால் 'லி' வந்து சேர்ந்தாலும் அழுத்தம் அசையாது. 'லி' மிகச் சாதுவான விகுதி. வீட்டுக்கு வந்த விருந்தாளி போல ஒரு மூலையில் இருந்துவிடும், தளபாடங்களை நகர்த்தாது.

விலக்குகள் உண்டு. 'பொலிட்டிக்ஸ்', 'அரபிக்', 'கத்தலிக்', 'லூனட்டிக்' எல்லாம் முதல் அசையில் அழுத்தப்படுபவை. கணக்குப் பாடத்தைக் குறிக்கும் 'அரித்மெட்டிக்' இரண்டாவதில். ஆனால் அடைமொழியாகி வினையடையாக நீளும்போது இவற்றில் பல விதிக்குத் திரும்பிவிடுகின்றன. 'பொலிட்டிக்கலி'யில் அழுத்தம் 'லி' என்ற இரண்டாவது அசைக்கு வந்துவிடும். கடைசி லி அல்ல, நடு லி. ஆகவே வினையடையை மட்டும் கற்பிக்கும் வரை விலக்குகளைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை. எழுத்தில் ஒரே ஒரு சொல்லை மட்டும் தனியாக நினைவில் வைக்கச் சொல்கிறோம். 'பப்ளிக்' என்பதோடு 'லி' நேரடியாகச் சேரும், நடுவில் 'அல்' போடுவதில்லை. ஒலியில் அதுவும் மற்றவற்றைப் போலத்தான்.

இதையெல்லாம் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? கைத்தாளம் போதும். விரலால் மேசையில் தட்டிக்கொண்டு அழுத்தம் விழும் அசையில் மட்டும் உள்ளங்கையால் தட்டச் சொல்கிறோம். சங்கீதம் படிக்கும் பிள்ளைகள் இதை உடனே பிடித்துக்கொள்கிறார்கள். இன்னொரு வழி, அந்த அசையை நெடிலாக்கி, குரலை ஒரு படி ஏற்றச் சொல்வது. தமிழ்க் காது நீளத்தைக் கேட்கும் காது என்றோம் அல்லவா? அதையே கருவியாக்குகிறோம். சில நாட்களில் நீட்டம் தானாகக் குறைந்து அளவுக்கு வந்துவிடும். மிக நீண்ட சொற்களில் முக்கிய அழுத்தத்துக்கு இரண்டு மூன்று அசை முன்னால் ஒரு சின்ன அழுத்தமும் உண்டு, 'ஓட்டோமட்டிக்கலி'யில் 'ஓ' போல. அதைப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வதில்லை. பெரிய அழுத்தம் இடத்தில் விழுந்தால் சின்னது தன்பாட்டில் வந்து சேரும்.

இனி அடுத்த கூட்டம், 'அரிலி' என்று முடியும் சொற்கள். வில்லங்கம் இங்கேதான்.

ஆங்கில தினப் போட்டிக்குப் பேச்சு ஆயத்தம் செய்த ஒரு தங்கை 'நெசசரிலி' என்ற சொல்லைப் பயன்படுத்தியிருந்தாள். முதல் வாரம் வகுப்பெடுத்தவர் லண்டன் அக்கா. அவர் முதல் அசையில் அழுத்திச் சொல்லிக்கொடுத்தார்: நெ–ச–ச–ரி–லி, 'நெ'யில் அழுத்தம். அடுத்த வாரம் ரொறன்ரோ அக்கா. அவர் நெ–ச–செ–ரி–லி என்று மூன்றாவது அசையில் அழுத்தினார். இருவரும் சொன்னது சரி. மூன்றாம் வாரம் அந்தப் பிள்ளை பேச்சைத் திரும்பச் சொன்னபோது அந்தச் சொல்லே இல்லை. வசனத்தை மாற்றி எழுதிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "எப்படிச் சொன்னாலும் பிழையாம் அக்கா" என்றாள்.

எங்களை யோசிக்கவைத்தது அந்தப் பதில்தான். ஆங்கிலத்தில் இந்தச் சொற்கள் இன்று இரண்டு வழியில் ஒலிக்கின்றன. 'நெசசரி', 'பிரைமரி', 'டெம்பரரி', 'வொலன்டரி' எல்லாவற்றுக்கும் அழுத்தம் முதல் அசையில். பழைய பிரித்தானிய வழக்கு, 'லி' சேர்ந்த பிறகும் அதை அங்கேயே வைத்திருந்தது. அப்படிச் சொல்லும்போது அழுத்தம் இல்லாத மூன்று நான்கு அசைகள் வரிசையாகப் பின்னால் இழுபடுகின்றன. ஆங்கிலம் பேசும் வாய்க்கே அது சிரமம். அதனால் பிரித்தானியர் நடுவில் ஒன்றிரண்டு அசைகளை விழுங்கிவிடுவார்கள். அமெரிக்கரும் கனடியரும் அசைகளை விழுங்காமல் அழுத்தத்தை 'அரிலி'யின் தொடக்கத்துக்கு நகர்த்திக்கொண்டார்கள்: பிரை–மெ–ரி–லி, 'மெ'யில் அழுத்தம். இப்போது பிரித்தானியரிலும் பலர் அப்படியே சொல்கிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் டேனியல் ஜோன்ஸ் 1917இல் தன் ஆங்கில உச்சரிப்பு அகராதியைத் தந்தபோது ஒரு குறிப்பிட்ட வகுப்பாரின் பேச்சே அளவுகோலாக இருந்தது. அதே கல்லூரியின் ஜோன் வெல்ஸ் 1990இல் வெளியிட்ட லோங்மன் உச்சரிப்பு அகராதி பிரித்தானிய வழக்கையும் அமெரிக்க வழக்கையும் பக்கம் பக்கமாகத் தந்தது. எந்த உச்சரிப்பைத் தாங்கள் விரும்புகிறார்கள் என்று மக்களிடமே கேட்டும் பார்த்தார் வெல்ஸ். அகராதிக்காரரே கேட்டுப் பதியும் விடயத்தில் நாங்கள் ஒரு பிள்ளையின் வாயை மூடவைப்பது எந்த விதத்தில் நியாயம்?

ஒரு சிறு பக்கக்கதை. 'மொமன்டரிலி' என்ற சொல்லில் அழுத்தம் மட்டுமல்ல, பொருளும் மாறும். வட அமெரிக்காவில் 'இன்னும் சற்று நேரத்தில்' என்றும் பொருள். பிரித்தானிய வழக்கில் 'சற்று நேரத்துக்கு மட்டும்'. விமானம் 'மொமன்டரிலி' தரையிறங்கும் என்று அறிவிப்பு வந்தால் ரொறன்ரோ அக்கா கைப்பையை எடுத்து ஆயத்தமாவார். லண்டன் அக்கா, இறங்குவதற்குள் மீண்டும் கிளம்பிவிடுமோ என்று பார்ப்பார்.

ஆகவே வகுப்பெடுக்கும் நாங்கள் எல்லோரும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். வெளிநாட்டிலிருந்து வகுப்பெடுக்க முன்வரும் ஒவ்வொரு பழைய மாணவிக்கும் இதைத் தெரிவிக்க விரும்புகிறோம். 'இக்கலி' சொற்களில் அழுத்தம் இடம் தவறினால் கட்டாயம் திருத்துவோம். அந்த விதியில் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் மெல்போர்னுக்கும் கொழும்புக்கும் வேறுபாடு இல்லை. அது தவறினால் கேட்பவருக்கு விளங்காமல் போகும். 'அரிலி' சொற்களில் பிள்ளை எந்த வழியைப் பிடித்தாலும் விட்டுவிடுவோம். போட்டி நடுவர் எந்த வழக்கை விரும்புவார் என்று பிள்ளைகள் கேட்டால், இரண்டும் அகராதியில் இருக்கிறது, ஒரு பேச்சுக்குள் ஒன்றையே பின்பற்று என்று மட்டும் சொல்வோம்.

மூன்றாவது விடயத்தில் எங்களுக்குள் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. டகரம் கொஞ்சம் தடித்து ஒலிப்பது, 'வ'வும் 'டபிள்யூ'வும் ஒன்றாக ஒலிப்பது, வசனம் ஏறி இறங்கும் எங்கள் ஊர் இராகம், இவற்றைத் திருத்தவேண்டும் என்று சிலர் சொன்னார்கள். டிரினிட்டி கல்லூரியின் பேச்சுப் பரீட்சைகளுக்கு ஆயத்தமான காலத்து நினைவு அவர்களுக்கு. நாங்கள் பெரும்பான்மையானோர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஒலிகளால் எங்களை ஒருவரும் விளங்காமல் விட்டதில்லை. எந்த ஊர்க்காரி என்று தெரிந்துகொள்வார்கள், அவ்வளவுதான். தெரிந்துகொள்ளட்டுமே. ஸ்கொட்லாந்துக்காரரின் ரகரத்தை யாராவது திருத்துகிறார்களா?

இதைப் புலம்பெயர்ந்த வீடுகளுக்கும் சேர்த்தே சொல்கிறோம். அங்கே பிறந்த பிள்ளை, "அம்மா, அப்படிச் சொல்லாதேங்கோ" என்று சிரிக்கிறது. அம்மா அதன் பிறகு பாடசாலைக் கூட்டத்துக்கு அப்பாவை அனுப்பிவிடுகிறார். அந்த அம்மாமார் பலர் இந்த மண்டபத்தில் இருந்து படித்தவர்கள். அவர்களுக்கும் பின்னாலிருந்து மூன்றாவது அசையைச் சொல்லிக்கொடுங்கள். சிரிக்கிற பிள்ளையிடம், "நீ அழுத்தத்தைத் திருத்து, என் ஒலியைத் திருத்தாதே" என்று அவர்கள் தாராளமாகச் சொல்லலாம்.

இருபது 'இக்கலி' சொற்கள் கொண்ட ஒரு தாளை வாசலில் வைத்திருக்கிறோம். ஒரு பக்கத்தில் எழுதுவதற்கான பிரிப்பு, மறுபக்கத்தில் பேசுவதற்கான பிரிப்பு, அழுத்தம் விழும் அசைக்குக் கீழே கோடு. அடுத்த சனிக்கிழமை வகுப்பை லண்டன் அக்காவும் ரொறன்ரோ அக்காவும் சேர்ந்தே எடுக்கிறார்கள். இருவரும் 'அரிலி' சொற்களைத் தங்கள் தங்கள் வழக்கில் மாறி மாறிச் சொல்வார்கள், பிள்ளைகள் இரண்டையும் கேட்கட்டும். வகுப்பு வழக்கம் போல இலங்கை நேரம் இரவு ஏழு மணிக்கு. மெல்போர்னில் நடுச்சாமம் நெருங்கும் நேரம் அது என்பது தெரியும், அங்குள்ளவர்களுக்கு ஒலிப்பதிவை மறுநாள் அனுப்பிவைக்கிறோம்.